கணையப் புண்ணும் சர்க்கரை நோயும்: தெரிந்திருக்க வேண்டியவை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திர உடல்நலக் கூட்டத்தில், இங்கேயே வசிக்கும் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம். உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் சிலவற்றையும் இறுதியில் சேர்த்துள்ளோம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலை, டிவியை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

சர்க்கரை நோயைப் பற்றி நம் சங்கத்தில் ஏற்கெனவே பல முறை பேசியிருக்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை முகாமும் நடத்துகிறோம். அதனால் இன்று பொதுவான சர்க்கரையைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதிகம் பேசப்படாத ஒரு வகையை எடுத்துக்கொள்கிறேன். கணையத்தில் நாள்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் அது. "இது நமக்கு எதற்கு" என்று சிலர் நினைக்கலாம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும் ஒரு வளாகத்தில், "எனக்கு ஒரு தடவை கணையத்தில் வீக்கம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். வலி போனதும் விஷயம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் இந்தப் பேச்சு.

கணையம் என்ன செய்கிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. நீளம் சுமார் 15 செ.மீ. அதற்கு இரண்டு வேலைகள். முதல் வேலை, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது. தினமும் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சுரக்கிறது. கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றையும் உடைக்கும் என்சைம்கள் அதில் இருக்கின்றன.

இரண்டாவது வேலை, ரத்தத்தில் சர்க்கரையைச் சரியாக வைத்திருக்கும் ஹார்மோன்களைச் சுரப்பது. இதைச் செய்பவை கணையத்துக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு செல் கூட்டங்கள். 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் இவற்றை முதலில் விவரித்தார். அதனால் இவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். கணையத்தின் எடையில் இவை ஒன்றிரண்டு சதவீதம்தான். இவற்றில் உள்ள பீட்டா செல்கள் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கின்றன. ஆல்ஃபா செல்கள் சர்க்கரை அதிகம் இறங்கினால் அதை ஏற்றிவிடும் குளூகான் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இந்த இரண்டு செல்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நாள்பட்ட கணைய அழற்சி என்றால்?

திடீரென்று மேல் வயிற்றில் கடும் வலி, வாந்தி, ஆஸ்பத்திரியில் சேர்ப்பு. இது திடீர் கணைய அழற்சி. பெரும்பாலும் பித்தப்பைக் கல்லால் அல்லது மதுவால் வருகிறது. இது மீண்டும் மீண்டும் வந்தாலோ, வேறு காரணங்களால் மெல்ல மெல்லப் பாதிப்பு நடந்தாலோ, கணையத்தின் மிருதுவான திசு தழும்பாக மாறிவிடும். குழாயில் சுண்ணாம்புக் கற்கள் சேரும். தழும்பாகிவிட்ட பகுதி மறுபடி பழைய நிலைக்கு வராது. இதுவே நாள்பட்ட கணைய அழற்சி.

வலி பெரும்பாலும் தொப்புளுக்கு மேலே தொடங்கி முதுகுக்குப் போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று சொல்வார்கள். சாப்பிட்டால் வலி கூடும் என்று பயந்து சாப்பாட்டையே குறைப்பார்கள். சிலருக்கு வலியே பெரிதாக இருக்காது. கேஸ் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வருடங்களை ஓட்டிவிடுவார்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "கணையத்தில் பிரச்சினை" என்று சொன்னவுடன் பக்கத்து வீட்டுக்காரர் மனதில், "ஓ, குடிப்பாரோ?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. மது முக்கியமான காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் 2008-இல் வெளிவந்த, இந்தியா முழுவதும் 1,086 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், மது காரணமாக வந்தவர்கள் சுமார் 39 சதவீதம்தான். சுமார் 60 சதவீதம் பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியவில்லை. மதுவைத் தொடாத பெண்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. மரபணு மாற்றம், ரத்தத்தில் ட்ரைகிளிசரைட் மிக அதிகமாக இருப்பது, பாராதைராய்டு கோளாறு, கணையக் குழாயில் அடைப்பு என்று பல காரணங்கள் உண்டு. ஊர் என்ன பேசுமோ என்று பயந்து நோயை மறைப்பதால் சிகிச்சை தள்ளிப்போகிறது. நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவி.

சர்க்கரை ஏன் வருகிறது?

தழும்பு முதலில் செரிமான நீர் சுரக்கும் பகுதியைத்தான் பிடிக்கிறது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் சில காலம் தாக்குப்பிடிக்கும். சுற்றியுள்ள திசு சுருங்கச் சுருங்க, ரத்த ஓட்டம் குறைந்து அவையும் அழிகின்றன. அதனால்தான் இந்தச் சர்க்கரை நோய் வலி வந்து பல வருடங்கள் கழித்து வருகிறது. எத்தனை பேருக்கு வரும் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 25 சதவீதம் என்பதிலிருந்து 80 சதவீதம் வரை சொல்லப்பட்டுள்ளது. எத்தனை வருடம் நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறுகிறது. வருடம் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன.

யாருக்கு ஆபத்து அதிகம்? நோய் வந்து வெகுகாலம் ஆனவர்கள், ஸ்கேனில் கணையத்தில் கல் தெரிபவர்கள், மதுவையும் புகையையும் நிறுத்தாதவர்கள், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள். கணையத்தின் வால் பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்களும் இதில் சேர்வார்கள். திட்டுகள் வால் பகுதியில்தான் அடர்த்தியாக இருக்கின்றன.

நம் பக்கத்து ஊர்க் கதை

இந்த நோய்க்கும் நம் தென்னிந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1959-இல் இந்தோனேசியாவில் ஜூயிடெமா என்ற மருத்துவர், கணையத்தில் கல்லும் சர்க்கரையும் சேர்ந்திருந்த ஏழை நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பின் கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் இதே நோயை ஏராளமானவர்களிடம் பார்த்துப் பதிவு செய்தார். சிறுவயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் சர்க்கரை, மெலிந்த உடல், எக்ஸ்ரேயில் பெரிய பெரிய கற்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினரும் பல வருடங்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஊட்டச்சத்துக் குறைவால் வரும் சர்க்கரை என்ற பிரிவில் வைத்தது. 1999-இல் அந்தப் பிரிவையே நீக்கி, கணைய நோயால் வரும் சர்க்கரை என்று மாற்றிவிட்டது. மெலிவு நோய்க்குக் காரணம் அல்ல, பெரும்பாலும் நோயின் விளைவுதான் என்ற புரிதல் வந்ததே இதற்குக் காரணம். ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது பின்னர் தெரியவந்தது. பழைய படி கடுமையாக இன்று அதிகம் பார்ப்பதில்லை. ஆனாலும் முற்றிலும் போய்விடவில்லை.

சாதாரணச் சர்க்கரையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

நம்மில் பெரும்பாலானோருக்கு வருவது டைப் 2. அதில் இன்சுலின் இருக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாகப் பணியாது. இதற்கு மருத்துவர்கள் டைப் 3சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் இன்சுலின் சுரக்கும் செல்லே குறைந்துவிடுகிறது. அதோடு, நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆல்ஃபா செல்களும் போய்விடுகின்றன.

நமக்கெல்லாம் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் குளூகான் வந்து தூக்கிவிடும். இவர்களுக்கு அந்தக் கைப்பிடி இல்லை. சாப்பாடு சரியாகச் செரிக்காததால், சாப்பிட்டது எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதும் நிச்சயமில்லை. வலி வந்தால் ஒரு வேளை சாப்பாடே இல்லை. இந்த நிலையில் இன்சுலின் ஊசியையோ மாத்திரையையோ வழக்கம்போல் போட்டுக்கொண்டால், சர்க்கரை சடாரென்று இறங்கும். மேலே மது சேர்ந்தால் கல்லீரலும் சர்க்கரையை விடுவிக்காது. காலையில் 300, இரவில் 50 என்று ஏறி இறங்கும்.

அதிகச் சர்க்கரை வருடக் கணக்கில் கெடுக்கிறது. குறைந்த சர்க்கரை அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இந்த வித்தியாசத்தை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். இவர்கள் ஒல்லியாக இருப்பார்கள். "ஒல்லியாக இருக்கிறவருக்கு எப்படி டைப் 2?" என்ற கேள்வி எழுந்தால், கணையத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரையோடு, மலம் எண்ணெய்ப் பசையாக, வெளிறி, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதப்பதும், எடை குறைவதும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கணையத்தின் கொழுப்பு செரிக்கும் திறனில் 90 சதவீதம் போன பிறகே இது தெரியத் தொடங்கும். அதனால் இது ஆரம்ப அறிகுறி அல்ல.

என்ன பரிசோதனை, எப்போது?

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள் சர்க்கரை இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். ஒரே ஒரு முறை திடீர் கணைய அழற்சி வந்து குணமானவர்கள்கூட 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு முறையும், பிறகு வருடா வருடமும் பார்க்க வேண்டும். அமெரிக்க சர்க்கரை நோய்ச் சங்கத்தின் வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானோர் மறந்துவிடுவது இதைத்தான்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், எச்பிஏ1சி 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை, அல்லது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம். எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குக் குளூக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையை மருத்துவர் சொல்லலாம்.

கணையத்தைப் பார்க்க சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.சி.பி., எண்டோஸ்கோப்பி மூலம் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஆகியவை உண்டு. சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்டில் கணையம் சில நேரம் சரியாகத் தெரியாது. செரிமான என்சைம் குறைந்திருக்கிறதா என்பதை மலத்தில் எலாஸ்டேஸ் அளவு பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

சர்க்கரை வந்துவிட்டால் கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றையும் வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும். கணையத்தால் வந்த சர்க்கரை என்பதால் இவற்றுக்கு விலக்கு கிடையாது.

சிகிச்சையில் நம் பங்கு

மதுவை நிறுத்துவது. குறைப்பது அல்ல, நிறுத்துவது. புகையும் அப்படியே. புகை நுரையீரலைத்தான் கெடுக்கும் என்று நினைப்பார்கள். மதுவைத் தொடாதவருக்கும் கணையத்தில் கல் சேர்வதைப் புகை வேகப்படுத்துகிறது.

என்சைம் கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் பயனில்லை. முதல் கவளத்தோடும் நடுவிலும் பிரித்து எடுத்தால் நல்லது. மெல்லக் கூடாது. கேப்சூலைத் தொடங்கியதும் சாப்பாடு நன்றாகச் செரிப்பதால் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். பயந்துபோய் கேப்சூலை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் இன்சுலின் அளவை மாற்றிக் கொடுப்பார்.

சாப்பாடு விஷயத்தில் பழைய கட்டளை, எண்ணெயே கூடாது என்பது. இன்று அப்படிச் சொல்வதில்லை. ஏற்கெனவே மெலிந்திருப்பவர் கொழுப்பை முழுக்க நிறுத்தினால் இன்னும் மெலிவார். என்சைமோடு சேர்த்து அளவான எண்ணெய் சாப்பிடலாம். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை விட, ஐந்தாறு முறை சிறிது சிறிதாகச் சாப்பிடுவது நல்லது. பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் குறையும். எலும்பு தேய்மானம் வரும். அதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயத்தில், ஆரம்பத்தில் லேசான சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போதும். போகப் போக பலருக்கு இன்சுலின் தேவைப்படும். இன்சுலினைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். சுரக்காத ஒன்றை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். இப்போது எடை குறைக்க என்று வாராந்திர ஊசி பிரபலமாகியிருக்கிறது. கணைய அழற்சி வந்தவர்களுக்கு அந்த வகை மருந்துகளைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. நண்பர் போட்டுக்கொண்டார் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உங்களுக்குக் கணைய நோய் இருப்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் மஞ்சள் காமாலை, வலியின் தன்மை மாறுவது, காரணமின்றி வேகமாக எடை குறைவது, நன்றாக இருந்த சர்க்கரை திடீரென்று கட்டுக்குள் அடங்காமல் போவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்

முதலாவது, வருடாந்திர முகாம் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: "கணையத்தில் எப்போதாவது வீக்கம், அழற்சி, கல் இருந்ததா?" ஆம் என்பவருக்கு விரலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை மட்டும் போதாது. எச்பிஏ1சியும் சேர்த்துச் செய்யட்டும்.

இரண்டாவது, செக்யூரிட்டி அறையில் ஒரு பாக்கெட் குளூக்கோஸ் பவுடரும், குளுக்கோமீட்டரும் இருக்கட்டும். நம் காவலாளிகளுக்கும் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களுக்கும் சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுப்போம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழறும் பேச்சு, சம்பந்தமில்லாத கோபம். வியர்த்துப்போய்த் தள்ளாடும் ஒருவரைக் குடித்திருக்கிறார் என்று லிஃப்ட் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. அவர் விழிப்பாக இருந்தால் மூன்று டீஸ்பூன் குளூக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் திரும்பவும் கொடுங்கள். தேறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

கேள்வி நேரம்

கேள்வி: மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டால் கணையம் கெடும் என்று படித்தேன். ஜவ்வரிசிப் பாயசத்தை நிறுத்த வேண்டுமா சார்?

கேரளத்தில் மரவள்ளி அதிகம் சாப்பிடும் பகுதிகளில் நோய் அதிகம் இருந்ததால் அந்தச் சந்தேகம் வந்தது. அதில் சயனைடு தரும் பொருள் இருப்பதும் உண்மை. ஆனால் மரவள்ளியே சாப்பிடாத இடங்களிலும் இந்த நோய் இருக்கிறது. காரணம் அதுதான் என்று நிரூபிக்கப்படவில்லை. கிழங்கை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துச் சாப்பிடுங்கள். பாயசத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஜவ்வரிசியைப் பற்றி அல்ல, வெல்லத்தைப் பற்றி!

கேள்வி: என் தம்பிக்குக் கணையத்தில் கல். என் பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. மரபணு தொடர்பு உள்ள குடும்பங்களிலும் எல்லோருக்கும் வருவதில்லை. பிள்ளைகளுக்கு அடிக்கடி மேல் வயிற்று வலி வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் தம்பியைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். என்சைம் கேப்சூல் பன்றியிலிருந்து எடுப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். பெரும்பாலான கேப்சூல்கள் பன்றியின் கணையத்திலிருந்து தயாராகின்றன. இஸ்லாமிய நண்பர்களும் இதைக் கேட்பதுண்டு. முடிவு உங்களுடையது. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். மனதில் இருப்பதைச் சொன்னால், மாற்று உண்டா, சாப்பாட்டை எப்படி அமைப்பது என்று பேசி முடிவெடுக்கலாம்.

கேள்வி: சர்க்கரை வந்த பிறகு கணைய வலி குறைந்துவிட்டது. நோய் குணமாகிறதா?

சிலருக்கு வருடங்கள் போகப் போக வலி குறைவது உண்டு. அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வலி இல்லாததால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பவர்களுக்குத்தான் கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடுகின்றன. வலி குறைந்த பிறகுதான் பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் இன்று இரவே எடுத்துப் பாருங்கள். அதில் "பாங்க்ரியாடைட்டிஸ்" என்ற சொல் இருந்தால், கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

(உரையில் வைத்த இரண்டு வேண்டுகோள்களும் அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கப்பட்டுள்ளன. இது பொதுத் தகவலுக்கான உரை. மருந்தைத் தொடங்குவதோ மாற்றுவதோ உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே இருக்கட்டும்.)